இசைத்தொண்டர் பாபநாசம் சிவன்

இறைவனை அடைதற்குரிய நெறிகள் பலவாயினும் இசையாற் பரவும் நெறி எளிமையும் இனிமையும் ஒருங்குடையது. குழலில் திருவைந்தெழுத்தை அமைத்து இசைத்து உய்ந்தார் ஆனாய நாயனார். யாழிசையோடு திருஞானசம்பந்தப் பெருமானைத் தொடர்ந்து சென்று, நல்லூர்ப்பெருமணத்தில் அவரோடு சிவசோதியிற் கலந்தார் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். அண்மைக் காலத்தில் அந்நெறியைப் பற்றி நின்று, கோயில் வீதிகளிலும் படக்கொட்டகைகளிலும் இறைவன் புகழை ஒலிக்கச் செய்தவர் பாபநாசம் சிவன் ஆவார். திருக்குடமுழுக்கு நன்னாளில் அப்பெரியாரின் வரலாற்றைச் சிந்தித்தல் சாலவும் பொருத்தமுடைத்து.

பொருநைக் கரையில், வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஆத்தூரில் வாழும் அன்பர்கட்குப் பாபநாசம் என்றவுடன் அப்பொருநை மலையினின்று இழியும் பொதியிலடித் திருத்தலமே நினைவிற்கு வரும். ஆயின் இவர்தம் பெயரோடு இணைந்த பாபநாசம் சோழநாட்டில் கும்பகோணத்திற்கு அண்மையில் உள்ளதாகும். அதுவும் இவர் பிறந்த ஊரன்று. பழைய தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில் 1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் இராமாமிர்த ஐயருக்கும் யோகாம்பாளுக்கும் மகவாய்த் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் இராமையா என்பது.

ஏழாண்டு நிரம்பும் பருவத்தே தந்தையாரை இழந்தார். ஆதரவற்ற அன்னையார் தம் மக்களை அழைத்துக்கொண்டு 1899-இல் திருவனந்தபுரம் சென்று சேர்ந்தார். அங்கே இராமையா பள்ளியிற் பயின்றவை மலையாளமும் வடமொழியும் ஆம். வடமொழிக் கல்லூரியில் இலக்கணம் கற்றுத் தேர்ச்சியும் பெற்றார். பிற்காலத்தில் தமிழிசைக்கு அணிகலனாய் அமைந்தவர் இளமையில் தமிழ்ப் பள்ளியின் நிழலில் வளராதவர் என்பது எண்ணி வியத்தற்குரியது. தமிழை அவர்க்கு ஊட்டியது பள்ளியன்று; பஜனைக் கூடமே. நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்திற் பிறந்து சிவபத்தியாற் பாடல்கள் பல புனைந்த நீலகண்ட சிவன் என்னும் பெரியார் 1900-இல் மறைந்தார். அவர்தம் பாடல்கள் திருவனந்தபுரத்துப் பஜனைகளில் இடையறாது முழங்கின. அவற்றைக் கேட்டும் உடன்பாடியும் வளர்ந்த இளைஞரின் உள்ளத்தில் பத்தியும் தமிழும் இசையும் வேறுவேறாக நுழையாமல் ஒன்றாகவே புகுந்தன.

1910-இல் அன்னையாரும் மறைந்தார். பற்றுக்கோடாய் நின்ற ஓருயிரும் நீங்கவே, உலகியலில் மனஞ் செல்லாமல் கோயில்தோறும் நடந்து பாடித் திரிந்தார். தமையனார் இராஜகோபாலையர் பாபநாசத்தில் வாழ்ந்தமையின் அவ்வூர் இவர்க்குத் தங்குமிடமாயிற்று. நெற்றியிலும் மேனியிலும் திருநீறு துலங்க, பஜனையில் தம்மை மறந்து பாடிய இவர் கோலத்தைக் கண்ட கணபதி அக்கிரகாரத்து அன்பர்கள் சிவபெருமானே வந்தாற்போலும் எனக் கருதிச் சிவன் என்று அழைக்கலாயினர். தாய் தந்தையர் இட்ட பெயர் மறைந்தது. அடியார் இட்ட பெயர் நிலைத்தது. ஆயினும் தம் பாடல்களில் அவர் பொறித்த முத்திரை இராமதாசன் என்பதே. சிவன் என ஊரார் அழைக்க, இராமனுக்கு அடியேன் எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட அவ்வுள்ளத்தில் சமயப் பிணக்கிற்கு இடமில்லை.

இசைநுட்பங்களை நூறணி மகாதேவ பாகவதர் முதலியோரிடம் பயின்ற சிவன், கோனேரிராஜபுரம் வைத்தியநாதையரின் பாட்டில் ஈடுபட்டு, அவரை அணுகியிருந்தும் பலவற்றை அறிந்துகொண்டார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் ஆராதனையில் 1918-இல் பாடிய பின்னர் அவர் பெயர் இசையுலகில் பரவலாயிற்று. திருவாரூர்ப் பெருமான்மீது குந்தலவராளி இராகத்தில் அமைந்த பாடல் அவர்தம் தொடக்கக் காலத்தது. அன்றுமுதல் ஊற்றெடுத்த பாடல்கள் அவர் வாழ்நாள் முழுதும் வற்றவில்லை. தமிழ்த் தியாகையர் என மக்கள் அவரைப் போற்றினர்.

ஏறத்தாழ 1930-இல் சென்னை மயிலாப்பூரிற் குடியேறினார். மார்கழி விடியலில் அன்பர்கள் புடைசூழக் கபாலீச்சரத்து மாடவீதிகளை வலம்வந்து பாடுவதைத் தம் வாழ்நாட் கடமையாகக் கொண்டார். பனியிலும் குளிரிலும் நிகழ்ந்த அவ்வீதி வழிபாட்டில் கட்டணமில்லை, மேடையில்லை, பெரியர் சிறியர் என்ற வேறுபாடும் இல்லை. கபாலீச்சரர்மீதும் கற்பகவல்லியம்மைமீதும் அவர் இயற்றிய பாடல்கள் பலவும் இவ்வழிபாட்டுச் சூழலின் பயனேயாம். கீர்த்தன மாலையின் முதற்றொகுதி 1934-இல் வெளிவந்தது. கலாக்ஷேத்ராவில் இசை பயிற்றும் பணியையும் சில ஆண்டுகள் ஆற்றினார்.

அதே 1934-ஆம் ஆண்டில்தான் அவர் வாழ்வின் மற்றொரு பகுதி தொடங்கிற்று. சீதா கல்யாணம் என்னும் பேசும் படத்திற்குப் பாடலும் இசையும் அமைக்கும் பொறுப்பு அவரை வந்தடைந்தது. நல்ல குடும்பத்தார் கொட்டகைப் பக்கம் செல்லவும் கூசிய காலம் அது. பொருளுக்காகப் பாடுதல் அடியார்க்கு அடுக்குமோ என்னும் ஐயம் அன்று எழுந்தது. இன்றும் சிலர் உள்ளத்தில் எழுவதுண்டு. அவ்வையத்தை எளிதில் தள்ளிவிடுதல் கூடாது. நூல் வழியே ஆராய்தல் வேண்டும்.

சைவ வரலாறு இதற்கு விடை கூறுகின்றது. தந்தையார் வேள்விக்குப் பொருள் வேண்டித் திருவாவடுதுறையிற் பாடிப் பொற்கிழி பெற்றார் சம்பந்தர். பஞ்சத்தில் அடியார்க்கு அமுதளிக்கத் திருவீழிமிழலையிற் பாடிப் படிக்காசு பெற்றனர் அவரும் நாவரசரும். திருப்புகலூரில் தலைக்கு அணையாக வைத்த செங்கல் பொன்னாகத் துயிலெழுந்தார் சுந்தரர். பாணபத்திரரின் வறுமை தீரச் சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் எழுதிக் கொடுத்தவர் ஆலவாய்ப் பெருமானே. ஆதலின் பொருள் பெறுதல் பிழையன்று. பாடும்போது நெஞ்சு யாரை நோக்கி நிற்கின்றது என்பதே வினா. அவ்வினாவிற்குச் சிவனின் வாழ்வு தந்த விடை தெளிவானது. படத்தொழிலிற் புகழ் ஓங்கிய காலத்தும் மார்கழி வீதி வழிபாட்டை அவர் கைவிட்டாரல்லர்.

அவர் படங்களுக்கு எழுதியன யாவும் பத்திப் பாடல்களே என்று கூறுதல் உண்மையாகாது. கதைக்கு வேண்டியாங்குக் காதற் பாடல்களையும் அவர் புனைந்தார். ஆயினும் அவற்றிலும் சொல் தரந்தாழவில்லை. இராகம் தன் வடிவு சிதையவில்லை. எம். கே. தியாகராஜ பாகவதரின் தேன்குரலுக்கு அவர் அளித்த பாடல்கள் அம்பிகாபதி, திருநீலகண்டர், சிவகவி, ஹரிதாஸ் முதலிய படங்களின் வழியே பட்டிதொட்டிகளிலும் பரவின. சிவனையன்றி முருகனைப் பாடேன் என்று நின்ற பொய்யாமொழிப் புலவரை முருகப்பெருமான் ஆட்கொண்ட வரலாறே 1943-இல் வந்த சிவகவி. செந்திலாண்டவன் திருவடி நிழலில் வாழும் இப்பகுதி மக்களுக்கு அக்கதை உவப்பாவது இயல்பே. 1944-இல் வந்த ஹரிதாஸ், சிற்றின்பத்தில் மூழ்கிப் பெற்றோரை இகழ்ந்தவன் திருந்தி இறைவனை அடைந்த கதை. அது சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இவ்விரு படங்களிலும் ஜி. இராமநாதன் இசையமைப்பில் அவர்க்குத் துணைநின்றார்.

பாடல் அமைத்ததோடு நில்லாது நடிக்கவும் நேர்ந்தது. கே. சுப்பிரமணியம் இயக்கிய பக்த குசேலாவில் (1936) வறியராகிய குசேலராய் வந்தார். கல்கியின் கதையாகிய தியாகபூமியில் (1939) சம்பு சாஸ்திரியாய் நடித்தார். புயலாலும் மழையாலும் வீடிழந்து வந்த அரிசனங்களுக்குத் தம் இல்லத்தில் இடமளித்தமையால் ஊராராற் புறக்கணிக்கப்பட்ட அந்தணராவார் அச்சாஸ்திரியார். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் எல்லாக் குலத்தாரும் நுழைந்து வழிபட வாயில் திறந்ததும் அதே 1939-ஆம் ஆண்டிலேதான் என்பது நினையத்தக்கது. விடுதலை உணர்ச்சி நிறைந்த அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடை செய்தது. குலவேறுபாடு கருதாது வீதியிற் பாடியவர்க்கு அவ்வேடம் வெறும் வேடமாயிராது.

அக்காலத்து இசை அரங்குகளிற் பெரும்பாலும் தெலுங்குப் பாடல்களே ஒலித்தன. தமிழிற் பாடத்தகும் உருப்படிகள் போதா என்பாரும் இருந்தனர். அண்ணாமலை அரசரின் முயற்சியால் தமிழிசை இயக்கம் வலுப்பெற்று, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. அவ்வழக்கில் சிவன் உரத்த குரலில் வாதிடவில்லை. இராகச் செறிவும் பொருட்டெளிவும் வாய்ந்த பாடல்களைத் தந்து, போதா என்பார் கூற்றை வாய்மையற்றதாக்கினார். அரங்கிற்கு நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாத உப்பளத் தொழிலாளரும் பரதவரும் உழவரும் இசைத்தட்டின் வாயிலாகவும் படத்தின் வாயிலாகவும் தூய இராகங்களைக் கேட்டுப் பாட முடிந்தது.

கொற்கை முத்திற்குப் பெயர்பெற்ற இக்கடற்கரையார் முத்துக்குளிப்பின் இயல்பை நன்கறிவர். கல்லைப் பற்றிக் கலங்கிய நீரினுள் இறங்குவோன், மேலே படகில் நிற்பவன் பிடித்த கயிற்றை நம்பியே இறங்குகின்றான். படவுலகமாகிய ஆழத்தில் இறங்கிய சிவனுக்கு இறைபத்தியே அக்கயிறாயிற்று. முத்தோடு மீண்டார், மூழ்கிப் போகவில்லை.

தமிழ் இசைச் சங்கம் இசைப் பேரறிஞர் எனவும், சென்னை இசைப் பேரவை 1971-இல் சங்கீத கலாநிதி எனவும் பட்டமளித்துச் சிறப்பித்தன. 1972-இல் நடுவணரசு பத்மபூஷண் விருதளித்தது. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தம் எண்பத்து மூன்றாம் அகவையில் இறைவன் திருவடி சேர்ந்தார்.

கோபுரம் புதுக்கிக் கலசம் நிறுவி நீராட்டுதல் பெரும்புண்ணியம். அதற்குப் பொருள் வழங்கிய அன்பர்கள் வாழ்க. எனினும் கல்லும் சுதையும் பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை புதுக்கப்பெறும். பாட்டோ நாள்தோறும் புதுக்கப்பெறுதல் வேண்டும். மார்கழி விடியலில் நாற்பது பேர் வேண்டுவதில்லை. நால்வர் கூடித் திருவீதி வலம்வந்து தமிழ்ப்பாட்டுப் பாடினாலும் அத்திருப்பணி நிறைவுறும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. விழித்தெழும் மனம் ஒன்றே வேண்டும். அம்மனத்தைச் சோமநாதப் பெருமான் அனைவர்க்கும் அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.