ஏழு ஆல்பம், ஒரே ஆள்

டெத் மெட்டல்னு சொன்னாலே உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தொண்டை கிழியக் கத்துற ஒருத்தர், ரத்தம் சொட்டுற கவர், சத்தத்தைக் குறைன்னு கதவைத் தட்டுற பக்கத்து ரூம்காரன். அந்த இசைக்கு அஸ்திவாரம் போட்டவங்கள்ல முக்கியமானவர் அமெரிக்காவின் சக் ஷுல்டினர். ஆனா அவருடைய 'டெத்' பேண்டின் ஏழு ஆல்பங்களையும் வரிசையா கேட்டுப் பாருங்க. முதலாவதும் ஏழாவதும் ஒரே ஆள் எழுதினதுன்னு நம்ப மாட்டீங்க.

சக் 1967 மே 13-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அடுத்த வருஷமே குடும்பம் ஃபுளோரிடாவுக்குப் போயிடுச்சு. அவருக்கு ஒன்பது வயசு இருக்கும்போது பதினாறு வயசு அண்ணன் இறந்துபோனார். அந்தத் துக்கத்திலிருந்து பையன் வெளியே வரட்டும்னு பெற்றோர் ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தாங்க. கிளாசிக்கல் கிளாஸ் ஒரு வருஷம்கூடத் தாங்கல. எலெக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்த பிறகுதான் பையனைப் பிடிக்க முடியல. ஸ்கூல் படிப்பையும் பாதியில் விட்டுட்டார்.

1983-ல் 'மாண்டாஸ்'னு ஆரம்பிச்ச பேண்ட், அடுத்த வருஷம் 'டெத்' ஆச்சு. இன்டர்நெட் இல்லாத காலம். டெமோ கேசட்டை ரசிகர்கள் காப்பி எடுத்துத் தபாலில் ஊர் ஊரா அனுப்புவாங்க. அப்படித்தான் பெயர் பரவியது. 1987-ல் முதல் ஆல்பம் 'ஸ்க்ரீம் பிளடி கோர்' வந்தது. டிரம்ஸைத் தவிர கிட்டார், பேஸ், குரல் எல்லாமே சக்தான். பாட்டெல்லாம் ஜாம்பி, பேய்ப்படம். உண்மையைச் சொன்னா, பாதிக்கு மேல எந்தப் பாட்டு எதுன்னு எனக்கே குழம்பும். ஆனா இருபது வயசுப் பையனோட வெறி அதில் அப்படியே இருக்கு.

அடுத்து வந்த 'லெப்ரஸி' அதையே இன்னும் சுத்தமா செஞ்சது. 1990-ல் 'ஸ்பிரிச்சுவல் ஹீலிங்' வந்தப்போ ஜாம்பிக்குப் பதிலா மனுஷங்க உள்ளே வந்தாங்க. மதத்தின் பேரில் நடக்குற கொடுமை, கருக்கலைப்பு, மரபணு மாற்றம்.

அந்த வருஷம்தான் பெரிய விரிசல். ஐரோப்பா டூர் கிளம்புற கடைசி நேரத்தில் சக் வரமாட்டேன்னுட்டார். மத்தவங்க வேற ஆளைப் பாட வச்சு, 'டெத்' பெயரிலேயே போய் வாசிச்சுட்டு வந்தாங்க. கடைசி நேரத்தில் கைவிட்டது அவர் பக்கத் தப்பு. ஆனா நீங்க ஆரம்பிச்ச பேண்ட், நீங்க இல்லாமலே மேடை ஏறினா உங்களுக்கு எப்படி இருக்கும்? டூருக்கு அப்புறம் அவங்களை வெளியே அனுப்பிட்டார். அதிலிருந்து அவருக்கு நிரந்தர பேண்டே கிடையாது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அதுக்கு ஏத்த ஆள். பழகக் கஷ்டமான ஆளுங்கிற பேரும் கூடவே வந்தது.

1991-ல் 'ஹ்யூமன்'. சினிக் பேண்டிலிருந்து ஷான் ரைனர்ட், பால் மாஸ்விடல்னு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தார். ரெண்டு பேருக்கும் அப்போ இருபது வயசுதான், அதாவது நம்ம வயசு. ரைனர்ட் டிரம்ஸில் ஜாஸ் எட்டிப் பார்க்கும். தாளம் திடீர்னு திரும்பும், ஆனா எங்கேயும் தடுக்காது. பாட்டு வரிகள் சக்கோட சொந்த மனசைப் பத்திப் பேச ஆரம்பிச்சது. 1993-ல் வந்த 'இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்'ல ஸ்டீவ் டிஜார்ஜியோ ஃபிரெட் இல்லாத பேஸ் வாசிச்சார். வயலினில் விரல் வழுக்கிப் போற மாதிரி அந்த பேஸ் ஸ்வரங்களுக்கு நடுவுல வழுக்கிப் போகும். ஹெட்போன் போட்டுக் கேளுங்க, போன் ஸ்பீக்கர்ல அது காணாமலே போயிடும்.

புதுசா கேட்கிறவங்க 1995-ன் 'சிம்பாலிக்'ல ஆரம்பிக்கலாம். அதில் மெலடி தாராளமா இருக்கு. 1998-ல் வந்த 'தி சவுண்ட் ஆஃப் பெர்செவரன்ஸ்'தான் கடைசி. அதில் 'வாய்ஸ் ஆஃப் த சோல்'னு ஒண்ணு இருக்கு. டிரம்ஸ் இல்லை, குரல் இல்லை, கிட்டார்கள் மட்டும் பேசிக்கும். டெத் மெட்டல் ஆல்பத்துக்கு நடுவுல இதை வைக்கத் தைரியம் வேணும்.

கத்துற குரலே அவருக்குச் சலிச்சிருந்தது. மெலடியா பாடுற டிம் அய்மரைப் பாடகரா வச்சு 'கண்ட்ரோல் டினைடு'ங்கிற இன்னொரு பேண்டை உருவாக்கினார். அதோட முதல் ஆல்பம் வந்த 1999-லேயே கழுத்து வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனார். மே 13, அவரோட 32-வது பிறந்தநாள் அன்னைக்கு, மூளைத்தண்டில் கட்டின்னு சொன்னாங்க. 2000 ஜனவரியில் ஆபரேஷன். அதுக்குப் பிறகு கட்டி திரும்ப வந்தப்போ, நோய் ஏற்கெனவே இருந்ததுதானேன்னு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. ரசிகர்களும் மத்த மெட்டல் பேண்டுகளும் சேர்ந்து நிதி திரட்டினாங்க. ஒரு புது இசை வகைக்கே வழி காட்டினவர் கையில் வைத்தியச் செலவுக்குப் பணம் இல்லை.

உடம்பு முடியாத அந்த மாசங்கள்லயும் கண்ட்ரோல் டினைடின் ரெண்டாவது ஆல்பத்துக்கு வேலை பார்த்துக்கிட்டேதான் இருந்தார். 2001 டிசம்பர் 13-ல் இறந்தார், வயசு 34. அந்த ஆல்பம் பாதியிலேயே நின்னுபோச்சு.