ஆடு மேய்க்கத் தெரியாத நியூட்டன்

எண்ணூர் விரைவு சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகத் துறைமுகத்துக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காலி லாரி சட்டென்று கிளம்பும். பாரம் ஏற்றிய லாரியோ முக்கி முனகித்தான் நகரும். ஓடத் தொடங்கி விட்டால், அதை நிறுத்துவதும் பெரும்பாடு!

இதன் கணக்கை உலகுக்குச் சொன்னவர், ஐசக் நியூட்டன்.

தந்தை முகம் அறியாதவர்

இங்கிலாந்தில் உல்ஸ்தார்ப் கிராமத்தில், அக்கால காலண்டர்படி 1642-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி நியூட்டன் பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்து விட்டார். குறைமாதக் குழந்தை, பிழைக்காது என்றே நினைத்தார்கள். 3 வயதில் தாய் மறுமணம் செய்து கொண்டு வேறு ஊர் போனார். பாட்டிதான் வளர்த்தார்.

மீண்டும் விதவையாகித் திரும்பிய தாய், மகனைப் பள்ளியில் இருந்து நிறுத்தி, பண்ணையைக் கவனிக்கச் சொன்னார். மகனுக்கோ புத்தகத்தில்தான் கண். ஆடுகள் சேதம் செய்ததற்காக 1659-ல் அபராதம் கட்ட நேர்ந்தது! தாய்மாமனும் பள்ளி ஆசிரியரும் தாயிடம் வாதாடினார்கள். 1661-ல் நியூட்டன் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். மற்றவர்களுக்குப் பணிவிடை செய்து படித்தார்.

1665-ல் பிளேக் பரவியது. கல்லூரியை மூடி விட்டார்கள். ஊர் திரும்பிய நியூட்டன், இயக்கம், ஒளி, ஈர்ப்பு பற்றி இரவும் பகலும் சிந்தித்தார்.

மீன் தின்ற பணம்

1684-ல் வானியல் அறிஞர் ஹாலி அவரைத் தேடி வந்தார். அவர் தூண்டியதால் பிறந்ததுதான் பிரின்சிப்பியா என்ற நூல். ஆனால் அச்சிடப் பணம் இல்லை! ராயல் சொசைட்டி மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, அது விற்காமல் கையைச் சுட்டுக் கொண்டிருந்தது. ஹாலி தம் கைப்பணத்தைக் கொடுத்தார். இதற்கிடையே ஹூக் என்ற அறிஞர் தமக்கும் பங்கு உண்டு என்றார். கோபம் கொண்ட நியூட்டன், மூன்றாம் பாகத்தைத் தர மறுத்தார். ஹாலி சமாதானம் செய்தார். 1687-ல் நூல் வெளிவந்தது.

அந்தக் கணக்கு

தள்ளிக் கொண்டே இருந்தால்தான் பொருள் ஓடும் என்று நெடுங்காலம் நம்பி வந்தார்கள். அப்படி அல்ல, வேகத்தையோ திசையையோ மாற்றத்தான் விசை தேவை என்றார் நியூட்டன். வேகம் மாறும் வீதம், முடுக்கம். பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, நிறை. நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை. இந்த எளிய வடிவைத் தந்தவர், 1750 வாக்கில் ஆய்லர்.

காலி லாரி 10 டன், பாரத்தோடு 40 டன் என்று வைத்துக் கொள்ளுங்கள். வேகம் ஒன்றே ஆனாலும், அதே தூரத்துக்குள் நிறுத்த 4 மடங்கு விசை வேண்டும். பிரேக் தேய்ந்திருந்தால் அந்த விசை கிடைக்காது. டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரர் ஆனாலும் லாரி தாண்டித்தான் நிற்கும். குறுக்கே பாய்பவர் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது!

நியூட்டன் 1696-ல் நாணயச் சாலை அதிகாரி ஆனார். 1705-ல் சர் பட்டம் பெற்றார். திருமணம் செய்து கொள்ளவில்லை. 1727-ல், 84-வது வயதில் காலமானார்.

ஒரு கிலோ நிறைக்கு, நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டும் விசைக்கு இன்று ஒரு நியூட்டன் என்று பெயர். ஆடு மேய்க்கத் தெரியாதவரின் பெயரால்தான் உலகம் விசையை அளக்கிறது!