ஒழுகலை வென்ற ஜேம்ஸ் வாட்

கம்ப்யூட்டருக்குச் சொந்தமா வாட்டர் கூலிங் கட்ட நினைக்கும் நமக்கெல்லாம் ஜேம்ஸ் வாட்தான் மூத்த அண்ணன்.

1736-ல் ஸ்காட்லாந்தில், நம்ம தூத்துக்குடி மாதிரி கிரீனாக் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். கருவி செய்யும் தொழில் கற்றார். 1757-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் பட்டறை போட இடம் தந்தது. அங்கே ரிப்பேருக்கு வந்த நீராவி எந்திர மாடலில் ஒரே சிலிண்டரைச் சூடாக்கி, குளிரவைத்து, ஆவி வீணாவதைக் கண்டார். 1765-ல் விடை கிடைத்தது: சூடு ஓரிடம், குளிர்ச்சி வேறிடம். அதுதான் கண்டென்சர். கையில காசு குறைவு; பித்தளை சிரிஞ்சை வைத்தே சோதித்துப் பார்த்தார்.

யோசனை சரி, ஆனால் பெரிய எந்திரம் ஒழுகியது. பிழைப்புக்காகக் கால்வாய் அளக்கப் போனார். 1775-ல் வில்கின்சன் துல்லியமாகக் குடைந்த சிலிண்டர் கிடைத்த பிறகே ஜெயித்தார். 1819-ல் மறைந்தார்.

இன்று நம்ம துறைமுகத்துப் பக்கம் அனல் மின் நிலையத்தில் கண்டென்சரைக் குளிர்விப்பது கடல்தண்ணி. நம்ம லூப்பிலும் தண்ணிதான் பிராசசர் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமக்கிறது. அந்தச் சூட்டை அளக்கும் வாட்டும் அவர் பெயர்தான்!

பழைய கார் ரேடியேட்டர் போதும். ஆனால் போர்டு நனைந்து போனால், உப்பளத்துக் கூலியில் படிக்கும் என்னால் இன்னொன்று வாங்க முடியாது. அதனால் போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல், பம்பை மட்டும் ஒருநாள் முழுக்க ஓடவிடுவோம். மூட்டுக்கு மூட்டு காகிதம் வைத்துப் பார்ப்போம். அவருக்குப் பத்து வருஷம். நமக்கு ஒரே ஒரு நாள்!