ஊமைத்துரையை காட்டிக்கொடுக்க மறுத்து தூக்குமேடை ஏறிய சின்ன மருது

சிவகங்கை சீமையை அண்ணன் பெரிய மருதுவோடு சேர்ந்து ஆண்டவர் சின்ன மருது. 1780-ல் நவாபிடம் இருந்து சீமையை மீட்க வேலு நாச்சியாருக்கு தோள் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

சின்ன மருது குடியிருந்தது சிறுவயலில். காவல், கெடுபிடி கிடையாது. யாரும் உள்ளே போய் பார்க்கலாம். 1795-ல் அங்கு பழகிய வெள்ளைக்கார அதிகாரி வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் கத்துக்கிட்டதே சின்ன மருதுவிடம்தான்.

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை நேரா சிறுவயலுக்கு வந்தார். ஒப்படைக்கச் சொன்னது கும்பெனி. கொடுத்திருந்தால் சீமை தப்பி இருக்கலாம். சின்ன மருது முடியாதுன்னுட்டார். ஜூனில் திருச்சி கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் அவரது போர் அறிக்கை ஒட்டப்பட்டது. சாதி பேதம் பார்க்காம எல்லாரும் சேர்ந்து வெள்ளையரை விரட்டணும் என்பதே அதன் சாரம்.

கும்பெனியோ தந்திரம் செய்தது. படமாத்தூர் கவுரி வல்லபரை சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து மருது பக்கம் நின்ற ஜனங்களை பிரித்தது. அக்டோபர் 1-ந்தேதி காளையார்கோவில் விழுந்தது. தொடையில் காயத்தோடு பிடிபட்டார் சின்ன மருது. 24-ந்தேதி திருப்பத்தூரில் அண்ணன், தம்பி இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களை எதிர்த்து வந்த படையில் வெல்சும் இருந்தார்.

மகன் துரைசாமி அப்போது சின்னப்பையன். 1802-ல் 70-க்கும் மேற்பட்டவர்களோடு பினாங்குக்கு கப்பல் ஏற்றினார்கள். 1818-ல் வெல்ஷ் அங்கே போனபோது கிழவர் மாதிரி தளர்ந்த ஒருவர் எதிரே வந்து நின்றார். வெல்சுக்கு ஆள் யாருன்னே தெரியலை. பேரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது துரைசாமி.