கைவண்டியும் கடிகாரமும்

நுழையும்முன்

பயிற்சித்திடலும் பயிற்றுநரும் வாய்க்கப்பெறாத சிறுவன் ஒருவன், தன் ஊரின் மேடுகளையும் காட்டுப் பாதைகளையும் கோடையின் நீண்ட பகல்களையுமே ஆசான்களாகக் கொண்டான். ஒலிம்பிக் களத்தில் ஒன்பது தங்கப் பதக்கங்களை வென்ற அவன், தான் மிகவும் விரும்பிய ஓர் ஓட்டத்தை மட்டும் அக்களத்தில் ஓட முடியாமற் போனான். பின்லாந்து நாட்டின் பாவோ நூர்மியின் வாழ்வை இப்பாடம் விவரிக்கிறது.

மேட்டுத் தெரு

பின்லாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள துர்க்கு, மேடும் பள்ளமும் நிறைந்த பழைமையான நகரம். அங்கே 1897ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள் பாவோ நூர்மி பிறந்தார். அப்போது பின்லாந்து தனி நாடாக இருக்கவில்லை. உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தை தச்சுத் தொழிலாளி. 1910ஆம் ஆண்டு அவர் இறந்தபோது நூர்மிக்கு வயது பன்னிரண்டு. வருவாய் நின்றுபோன அக்குடும்பம் வீட்டின் சமையலறையை வேறொரு குடும்பத்திற்கு வாடகைக்கு விட்டுவிட்டு, எஞ்சிய ஒற்றை அறையில் வாழ்ந்தது. படிப்பில் கெட்டிக்காரனாக இருந்தும் மூத்த மகன் பள்ளியை விட்டு நின்றான். ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலை கிடைத்தது.

பாரம் ஏற்றிய கைவண்டியைத் துர்க்குவின் மேட்டுத் தெருக்களில் தள்ளிச் செல்வதே அவ்வேலையின் பெரும்பகுதி. ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி இழுக்கும். கால் விரல்களைத் தரையில் ஊன்றி, முதுகை வளைத்து உந்தினால்தான் நகரும். தன் கால்களுக்கும் முதுகிற்கும் உரம் ஏற்றியவை அந்த மேடுகளே என்று பிற்காலத்தில் நூர்மி கருதினார். விளையாட்டு நூல்கள் இதனைப் பயிற்சி என்று எழுதுகின்றன. அந்தச் சிறுவனுக்கு அது வயிற்றுப்பாடு. இவ்வேறுபாட்டை நினைவிற்கொண்டு படித்தால், அவருடைய வாழ்வின் பிற்பகுதியில் நேர்ந்தது தெளிவாக விளங்கும்.

காடும் இருப்புப்பாதையும்

1912ஆம் ஆண்டு சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அதில் பின்லாந்து வீரர் ஹன்னஸ் கொலேமைனென் தொலைதூர ஓட்டங்களில் அடுத்தடுத்துத் தங்கம் வென்றார். அடிமைப்பட்டிருந்த சிறிய நாட்டின் மக்கள் அவரைத் தங்கள் குரலாகவே கண்டனர். அச்செய்தி கேட்ட சில நாள்களில் பதினைந்து வயது நூர்மி தனது முதல் ஓட்டக் காலணிகளை வாங்கினார்.

பின்லாந்தில் குளிர்காலம் நெடியது, கோடை குறுகியது. ஆயினும் அந்தக் கோடையின் பகலுக்கு எல்லை இல்லை என்றே சொல்லலாம். இரவு உணவு முடிந்த பிறகும் வெயில் மரக்கிளைகளின் மேல் நிற்கும். வேலை முடிந்து வந்த நூர்மிக்கு அந்த வெளிச்சம் ஒரு கொடை. கோடையில் காடும் மேடும் கடந்து ஓடுவதும், பனிக்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு நெடுந்தொலைவு செல்வதும் அவரது வழக்கமாயின. 1914ஆம் ஆண்டு துர்க்கு விளையாட்டுச் சங்கத்தில் சேர்ந்து, தாம் ஓடிய முதல் 3000 மீட்டர் பந்தயத்திலேயே வென்றார். வழிகாட்ட ஒருவரும் அருகில் இல்லாததால் தவறுகளும் நேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் தாம் மெதுவாகவே ஓடி, விரைவுப் பயிற்சியைப் புறக்கணித்ததாகப் பின்னாளில் அவர் வருந்தினார். நடை, குறுவிரைவோட்டம், உடற்பயிற்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தம் முறையைத் தாமே திருத்திக்கொண்டார்.

1917ஆம் ஆண்டு இறுதியில் பின்லாந்து விடுதலை பெற்றது. 1919இல் நூர்மி படைப்பணியில் சேர்ந்தார். தோளில் துப்பாக்கி, இடையில் தோட்டா வார், முதுகில் மணல் நிரப்பிய பை ஆகியவற்றுடன் நெடுந்தொலைவு அணிவகுத்துச் செல்லும் போட்டி ஒன்று படையில் நடந்தது. மற்றவர்கள் நடந்தார்கள்; நூர்மி முழுத் தொலைவையும் ஓடியே கடந்தார். அவர் வந்து சேர்ந்த விரைவைக் கண்டு, குறுக்குவழியில் வந்திருப்பாரோ என்று ஐயுற்றவர்களும் இருந்தனர். இரும்பு அடித்த கனத்த படைக் காலணிகளுடன் ஓடுவார். புறப்படும் தொடர்வண்டியின் பின்பக்கக் கம்பியைப் பற்றிக்கொண்டு, அது இழுக்கும் விரைவுக்கு ஈடாகக் கால்களை எட்டிப் போட்டு, அடியின் நீளத்தைக் கூட்டுவார். (இது யாரும் பின்பற்றத் தக்க முறையன்று என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.)

கையில் ஒரு கடிகாரம்

1920ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் தமது முதல் ஒலிம்பிக் பந்தயமான 5000 மீட்டர் ஓட்டத்தில் பிரான்சின் ஜோசப் கியூமோவிடம் நூர்மி தோற்றார். மூன்று நாள்களுக்குப் பின் 10,000 மீட்டரில் அதே கியூமோவை வென்று தங்கம் பெற்றார். காடுமேடுகளைக் கடக்கும் ஓட்டத்தில் தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் கிடைத்தன. மூன்று தங்கத்தோடு திரும்பியவர், தோல்வியையே ஆராய்ந்தார். எதிராளியைப் பார்த்து ஓடினால் அவருடைய விரைவுக்கு நாம் அடிமையாவோம்; தொடக்கம் முதல் இறுதிவரை ஆற்றலைச் சமமாகப் பகிர்ந்து செலவிட வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். அடுத்துவந்த ஆண்டுகளில் அவர் உள்ளங்கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம் இடம்பெற்றது. ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தைப் பார்ப்பார். பக்கத்தில் ஓடுபவரைப் பாரார். 1921இல் 10,000 மீட்டரில் உலகச் சாதனை. 1923க்குள் ஒரு மைல், 5000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய மூன்றின் உலகச் சாதனைகளும் ஒரே நேரத்தில் அவர்வசம் இருந்தன. இம்மூன்றையும் சேர்த்து வைத்திருந்தவர் அவருக்குப்பின் ஒருவரும் இலர்.

1924ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக் போட்டியின் அட்டவணையில் 1500 மீட்டர், 5000 மீட்டர் இறுதி ஓட்டங்கள் ஒரே நாளில் அமைந்தன. இடைவெளி இரண்டு மணி நேரத்திற்கும் குறைவு. இரண்டையும் ஓட முடியுமா என்பதைச் சோதிக்க நூர்மி சூன் 19ஆம் நாள் எல்சிங்கியில் ஒத்திகை பார்த்தார். முதலில் 1500 மீட்டர்: 3 நிமிடம் 52.6 விநாடி. ஏறத்தாழ ஒரு மணி நேர ஓய்வு. பின்னர் 5000 மீட்டர்: 14 நிமிடம் 28.2 விநாடி. இரண்டும் உலகச் சாதனைகள். சூலை 10ஆம் நாள் பாரிசில் அதையே மீண்டும் செய்தார். 5000 மீட்டரில் தம் நாட்டவரான வில்லே ரிடோலா இறுதிவரை விடாது துரத்தினார். கடைசியாக ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைப் புல்தரையில் எறிந்த நூர்மி, 0.2 விநாடி முந்தி வென்றார்.

அதற்கு இரண்டு நாள்களுக்குப் பின் நடந்ததே அவரது பயிற்சியின் உண்மையான தேர்வு எனலாம். காடுமேடு ஓட்டத்தன்று பாரிசில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்திருந்தது. புதரும் புழுதியும் நிறைந்த, நிழலற்ற வழித்தடம். போதாக்குறைக்கு அருகிலிருந்த மின்னாலை ஒன்றின் புகை. 38 பேர் புறப்பட்டனர். 15 பேர் மட்டுமே இறுதிக்கோட்டை அடைந்தனர். மற்றவர்கள் வழியிலேயே விழுந்தனர்; பலர் தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்லப்பட்டனர். நூர்மி, இரண்டாவதாக வந்த ரிடோலாவைவிட ஒன்றரை நிமிடம் அளவுக்கு முந்தி, சற்றும் தளராதவர்போல் வந்து சேர்ந்தார். அணித் தங்கத்திற்குப் பின்லாந்துக்கு இன்னும் ஒருவர் தேவை. ஹெய்க்கி லீமதைனென் இறுதிக்கோட்டிற்குச் சில பத்து மீட்டர் முன்பாக நினைவு தடுமாறி நின்றுவிட்டார். பின்பு எப்படியோ தன்னுணர்வு பெற்று நடந்தே கோட்டைக் கடந்தார். பனிநாட்டில் பிறந்த மூவர் அந்த வெயிலைக் கடந்தது வியப்பே. அந்தக் கொடுமையைக் கண்ட பிறகு, காடுமேடு ஓட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாள் 3000 மீட்டர் அணி ஓட்டத்திலும் நூர்மி வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து தங்கங்கள்.

ஆயினும் அவர் மனம் நிறைவடையவில்லை. சுமை மிகுதி என்று கருதிய பின்லாந்து அலுவலர்கள் அவரை 10,000 மீட்டரில் சேர்க்கவில்லை. அப்பந்தயத்தை ரிடோலா உலகச் சாதனையுடன் வென்றார். நூர்மி வாய் திறந்து முறையிடவில்லை. ஊர் திரும்பி, அதே ஆகத்து மாதம் 31ஆம் நாள் குவோப்பியோ நகரில் 10,000 மீட்டரை 30 நிமிடம் 6.2 விநாடியில் ஓடி, ரிடோலாவின் சாதனையை 17 விநாடி குறைத்தார்.

அடைக்கப்பட்ட வாயில்

1925இன் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற நூர்மி, ஐந்து மாதங்களில் 55 பந்தயங்களில் ஓடி, மிகப் பெரும்பாலானவற்றில் வென்றார். அரங்குகள் நிறைந்தன. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் 10,000 மீட்டரில் தங்கமும், 5000 மீட்டரிலும் 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்திலும் வெள்ளியும் பெற்றார். மூன்று ஒலிம்பிக்குகளிலும் சேர்த்துப் பதக்கங்கள் 12. எஞ்சியிருந்தது மாரத்தான் ஒன்றே. கொலேமைனென் ஆண்ட்வெர்ப்பில் வென்றது அந்த ஓட்டத்தைத்தான். தாமும் அதனை வென்று களத்திலிருந்து விடைபெற வேண்டும் என்பது நூர்மியின் விருப்பம்.

1932ஆம் ஆண்டு சூன் மாதம் வீப்புரி நகரில் நடந்த தேர்வோட்டத்தில், 35 வயதில், 40.2 கிலோமீட்டரை 2 மணி 22 நிமிடத்தில் கடந்தார். அன்று அவருக்குப் பின் ஆறு நிமிடம் கழித்து வந்தவர் ஆர்மாஸ் தொய்வோனென். ஆனால் அதற்கு முன்பே, அவ்வாண்டு ஏப்பிரலில், பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு நூர்மியை இடைநீக்கம் செய்திருந்தது. முந்தைய ஆண்டு ஜெர்மனியில் ஓடச் சென்றபோது, பயணச் செலவு என்ற பெயரில் அளவுக்கு மேல் பணம் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. விளையாட்டால் பொருளீட்டுவோர் ஒலிம்பிக்கில் பங்கேற்கக் கூடாது என்பது அக்கால விதி. நூர்மி லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று காத்திருந்தார். தொடக்க விழாவுக்குச் சில நாள்களே இருந்தபோது தடை உறுதிசெய்யப்பட்டது. மாரத்தானில் அர்ஜென்டினாவின் சபாலா தங்கம் வென்றார். வீப்புரியில் நூர்மியிடம் ஆறு நிமிடத்தில் தோற்ற தொய்வோனென் வெண்கலம் பெற்றார்.

விதி விதியே என்று வாதிடலாம். அது அனைவருக்கும் பொதுவானதாகவே எழுதப்பட்டிருந்தது. எனினும், செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அவ்விதியைக் காப்பது எளிது. சமையலறையை வாடகைக்கு விட்டு வளர்ந்தவனுக்கு அவ்வளவு எளிதன்று. அவரைக் காண அரங்குகள் நிறைந்தபோது நுழைவுக் கட்டணம் யாரோ ஒருவருக்குச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது. இதனை மறந்துவிட்டு அவரைக் குறை கூறுவது நேர்மையாகாது. இம்முடிவின் மேல் கொண்ட சினத்தால் பின்லாந்து, கூட்டமைப்பின் தலைவருடைய நாடான சுவீடனுடன் நடத்திவந்த இருநாட்டுத் தடகளப் போட்டியைப் பல ஆண்டுகள் நிறுத்திவைத்தது. உள்நாட்டில் மட்டும் ஓடிய நூர்மி 1934இல் ஓய்வு பெற்றார்.

பிந்தைய ஆண்டுகள்

பின்னர் எல்சிங்கியில் அடுக்குமாடிக் கட்டடங்கள் கட்டியும் ஆடவர் ஆடையகம் நடத்தியும் பெருஞ்செல்வர் ஆனார். திருமணம் மூன்றே ஆண்டுகளில் முறிந்தது. கூட்டத்தை விரும்பாதவர், தம் வெற்றிகளைப் பற்றிப் பேசவும் விரும்பாதவர். 1952ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் எல்சிங்கி ஒலிம்பிக் தொடக்க விழாவில், சுடரை ஏந்திவருபவர் யார் என்பது மறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. 55 வயது நூர்மி, அந்தப் பழைய நெடிய அடிகளுடன் ஈரமான ஓடுபாதையில் தோன்றியதும் அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. களத்தில் இருந்த ஒரு விளக்கை ஏற்றியபின், சுடர் மற்றொருவரிடம் சென்றது. கோபுர உச்சியில் அதை ஏற்றியவர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவனைக் காலணி வாங்கச் செய்த அதே கொலேமைனென்.

முதுமையில் இதயநோய் நூர்மியை வாட்டியது. 1968ஆம் ஆண்டு தம் செல்வத்தைக் கொண்டு இதயநோய் ஆய்வுக்கு ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் எல்சிங்கியில் மறைந்தார். அரசு மரியாதையுடன் இறுதி வணக்கம் செலுத்தப்பட்ட அவரது உடல், கைவண்டி தள்ளிய துர்க்கு நகரின் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது.