சத்தத்தைக் கூட்டினார், வாத்தியம் பிழைத்தது: யார் இந்த லியோ ரௌசம்?

பேக்பைப் என்றதும் கில்ட் கட்டிக்கொண்டு, கன்னம் உப்ப ஊதும் ஸ்காட்லாந்துக்காரர்தான் நினைவுக்கு வருவார். அயர்லாந்தின் பேக்பைப் வேற ரகம். வாயால் ஊதவே மாட்டார்கள். உட்கார்ந்தபடி, முழங்கையால் துருத்தியை அமுக்கிப் பைக்குள் காற்று அனுப்புவார்கள். அதனால் பெயரே இலின் பைப்ஸ். ஐரிஷ் மொழியில் இலின் என்றால் முழங்கை. 20ஆம் நூற்றாண்டில் இந்த வாத்தியத்தைத் தாங்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் லியோ ரௌசம்.

1903ல் டப்ளினில் பிறந்தார். தாத்தா பைப் கலைஞர். அப்பா வில்லியம் பைப் செய்கிறவர். வாசிப்பு, பட்டறை வேலை இரண்டையும் அப்பாவிடமே கற்றார். 1919ல் டப்ளின் மாநகராட்சி இசைப் பள்ளியில் ஆசிரியர் ஆனபோது வயசு 16. நம்மூர்ல பிளஸ் ஒன் படிக்கிற வயசு!

சான்டர்: தலைவலி எங்கே?

மெட்டு வாசிக்கும் குழல்தான் சான்டர். உள்துளை கூம்பு வடிவம். உச்சியில் நாணலில் செய்த இரட்டை நாக்கு, நம்ம நாகஸ்வரச் சீவாளி மாதிரி. ஆனா இது உதட்டில் படாது, மூடிக்குள் இருக்கும். பையைக் கூடுதலாக அமுக்கினால் அதே துளையில் மேல் ஸ்தாயி ஸ்வரம் வரும். இரண்டு ஸ்தாயியும் சுருதி சேரணும், அதுதான் சிக்கல். கூம்பின் சரிவு கொஞ்சம் பிசகினாலும் ஒன்று ஏறும், இன்னொன்று இறங்கும். துளை ஓரத்தில் மெழுகு வைத்து ஸ்வரத்தை இறக்கலாம், உள்ளே மெல்லிய கம்பி செருகிப் பார்க்கலாம். எல்லாம் ஒட்டுவேலைதான். உள்துளையைக் குடைவதில் தப்பினால் முழுசாகத் தீராது.

மென்மையா, சத்தமா?

19ஆம் நூற்றாண்டு டப்ளின் பட்டறைகளின் பழைய பைப்கள் பெரும்பாலும் சி, பி, பி ஃபிளாட் போன்ற கீழ்ச் சுருதிகளில் இருந்தன. நீளமான குழல், குறுகிய உள்துளை, சின்ன விரல் துளைகள். இனிமையான, அடங்கிய நாதம். வீட்டுக்கூடத்துக்குப் போதும். அமெரிக்காவில் குடியேறிய டெய்லர் சகோதரர்கள் அங்குள்ள பெரிய மேடைகளுக்காக இதை மாற்றினார்கள். உள்துளையை அகலமாக்கி, விரல் துளைகளைப் பெரிதாக்கி, டி சுருதிக்கு ஏற்றினார்கள். சத்தம் எகிறியது.

ரௌசம் பட்டறையும் அந்த டி சுருதிப் பக்கமே நின்றது. மற்ற வாத்தியங்களோடு சேர்ந்து வாசிக்க அதுதான் வசதி. நாலு பைப்கள் சேர்ந்த குழுவையும் அவர் நடத்தினார். அதற்கு எல்லா சான்டரும் ஒரே சுருதியில் இருந்தே ஆகணும்.

இதற்கு விலையும் உண்டு. பழைய பைப்பின் மென்மை இதில் கிடையாது. அந்த நாதத்துக்காகப் பின்னாளில் தயாரிப்பாளர்கள் பலர் பழைய பைப்களை அளந்து நகல் செய்யத் தொடங்கினார்கள். அவர்களின் ஏக்கம் நியாயமானதுதான். ஆனா குழுவோடு சேர முடியாத வாத்தியத்தைக் கற்றுக்கொள்ள அன்றைக்கு எத்தனை இளைஞர்கள் வந்திருப்பார்கள்?

ரௌசமிடம் வந்தார்கள். 1936ல் பயிற்சிப் புத்தகம் வெளியிட்டார். 1959ல் கிளாடா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் முதல் இசைத்தட்டே இவருடையதுதான். பின்னாளில் தி சீஃப்டன்ஸ் குழுவைத் தொடங்கிய பேடி மொலோனி இவருடைய மாணவர்.

1970 செப்டம்பரில் ஸ்லைகோவில் ஒரு இசைப் போட்டிக்கு நடுவராகப் போன இடத்தில் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பிளாங்ஸ்டி குழு மூலம் இளைஞர்களிடம் இலின் பைப்பைக் கொண்டுபோனவர் லியாம் ஓஃபிளின். அவரும் ரௌசமின் மாணவர். கையில் இருந்ததும் ரௌசம் செய்த பைப்.