அன்னை அறியாத அறிஞர்: ஆலன் டியூரிங்

கணிப்பொறி அறிவியலின் தந்தை என்று உலகம் போற்றும் ஆலன் டியூரிங்கை ஓர் ஆங்கிலேயர் என்ற அளவிலேயே நம்மில் பலர் அறிந்துள்ளோம். அவருடைய தாய்வழிக் குடும்பம் நம் நீலகிரியில் வாழ்ந்தது. அவருடைய அண்ணன் பிறந்த ஊர் குன்னூர். நெல்லியாளத்திலிருந்து கூடலூர், உதகை வழியே சென்று நாம் அடையும் அதே குன்னூர்தான். ஆதலின் அவர் வரலாற்றை அவருடைய தாயிடமிருந்து தொடங்குவதே நமக்குப் பொருத்தம்.

தாயார் எத்தல் சாரா ஸ்டோனி 1881ஆம் ஆண்டு போத்தனூரில் பிறந்தார். அவர் தந்தை எட்வர்டு வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். துங்கபத்திரை மீது பாலம் அமைத்தவர். ஓசையின்றி இயங்கும் பங்கா உருளை ஒன்றைப் புனைந்து காப்புரிமையும் பெற்றவர். சிறுமியாக அயர்லாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்ட சாரா, 1900இல் குன்னூர் இல்லத்துக்குத் திரும்பி ஏழாண்டுகள் வாழ்ந்தார். 1907இல் கடற்பயணத்தில் சந்தித்த ஜூலியஸ் டியூரிங்கை அவ்வாண்டே மணந்தார். ஜூலியஸ் இந்திய ஆட்சிப் பணியினர். சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். 1896ஆம் ஆண்டுத் தேர்வுக்காக அவர் தமிழும் பயின்றார் என்பது தமிழாசிரியர்களாகிய நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

மூத்த மகன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தார். இளையவர் ஆலன் 1912ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று இலண்டனில் பிறந்தார். பெற்றோர் மீண்டும் இந்தியா திரும்பியபோது பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்துக் கடற்கரை ஊரொன்றில் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவரின் வீட்டில் விட்டுச் சென்றனர். வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி ஆட்சியாளர் மேற்கொண்ட வழக்கம் அது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து வந்து இப்பகுதித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்கள் கடல் கடந்த பிரிவை நன்கறியும். இரண்டும் ஒன்றென்று கூற வரவில்லை. ஆட்சியாளர் தாமே விரும்பிப் பிரிந்தனர். நம் மக்கள் பிரிக்கப்பட்டனர். எனினும் குழந்தையின் ஏக்கத்துக்கு அவ்வேறுபாடு தெரிவதில்லை.

பள்ளியில் ஆலன் ஆசிரியர்களுக்கு எளிய மாணவராக இருக்கவில்லை. கையெழுத்து மோசம்; கணிதத்தில் தம் வழியே சென்றார். 1926இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வந்த நாளில் பொது வேலைநிறுத்தம். பதின்மூன்று வயதுச் சிறுவர் 60 மைல் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்து சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த ஒரே உயிர்த்தோழர் கிறிஸ்டோபர் மார்க்கம். அறிவியலில் தம்மினும் தேர்ந்த அந்நண்பர் 1930இல் காசநோயால் மறைந்தார். உடல் அழிந்தபின் மனம் என்னாகிறது, மனம் என்பது பொருளின் இயக்கமா என்று ஆலன் சிந்திக்கத் தொடங்கியது இத்துயருக்குப் பின்னரே. அவர் பிற்கால ஆய்வின் வேர் இங்குள்ளது என்பது என் கருத்து.

கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் பயின்று 22 வயதிலேயே ஆய்வுறுப்பினரானார். ஒரு கணிதக் கூற்று நிறுவத்தக்கதா அன்றா என்பதை எப்போதும் தீர்மானிக்கவல்ல பொதுமுறை உண்டா என்பது ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் எழுப்பியிருந்த வினா. இல்லை என்று 1936இல் ஆலன் நிறுவினார். அதற்காக அவர் கற்பனையில் ஓர் எந்திரத்தை அமைத்தார். கட்டங்களாகப் பகுத்த நீண்ட நாடா ஒன்று. ஒரு கட்டத்தைப் படித்தல், எழுதுதல், அழித்தல், அடுத்ததற்கு நகர்தல் ஆகியவையே அதன் செயல்கள். வேறோர் எந்திரத்தின் விவரத்தை அந்நாடாவில் எழுதிக் கொடுத்தால், இது அந்த எந்திரமாகவே நடந்துகொள்ளும். இன்று ஒரே கைப்பேசி கடிதமும் கணக்கும் பாட்டும் ஆகிறதே, அதன் கருத்து வடிவம் இது. ஹில்பர்டின் வினாவுக்கு அமெரிக்க அறிஞர் அலோன்சோ சர்ச்சும் வேறு வழியில் இதே விடையைக் கண்டிருந்தார். அவரிடமே பிரின்ஸ்டனில் ஆலன் முனைவர் பட்டம் பெற்றார்.

1939இல் போர் மூண்ட மறுநாளே, அதாவது செப்டம்பர் 4 அன்று, பிளெச்லி பார்க் என்னும் மாளிகையில் மறைகுறிப் பணியில் சேர்ந்தார். ஜெர்மானியப் படையினர் செய்திகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்தனர். தட்டச்சுப் பொறி போன்ற அதில் ஒரு விசையை அழுத்தினால் மின்னோட்டம் சுழல் சக்கரங்களின் வழியே சென்று வேறோர் எழுத்தின் விளக்கை ஏற்றும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சக்கரம் நகர்வதால், அதே விசையை மீண்டும் அழுத்தினால் வேறெழுத்து வரக்கூடும். அமைத்துக்கொள்ளும் வகைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 16 என்ற எண்ணை அடுத்து 19 சுழியங்கள் இட்ட அளவு. அமைப்போ நாள்தோறும் மாறும்.

முதலில் இதனை உடைத்தவர்கள் ரெயெவ்ஸ்கி முதலிய போலந்துக் கணித அறிஞர்கள். திரைப்படங்கள் இதனை மறந்துவிடுகின்றன. அவர்கள் அளித்த அறிவின் மேல், வெல்ச்மன் என்பார் துணையுடன், ஆலன் பாம் என்னும் தேடுபொறியை வடிவமைத்தார். முதற்பொறி 1940 மார்ச்சில் இயங்கியது. எனிக்மாவில் எந்த எழுத்தும் தானாகவே திரும்பி வராது. அதனொடு, படையினர் வானிலை அறிக்கையை நாள்தோறும் ஒரே பாங்கில் எழுதினர். மறைந்திருக்கும் சொல் இதுவாக இருக்கலாம் என ஊகித்து, அந்த ஊகத்துக்கு முரணாகும் அமைப்புகளையெல்லாம் பொறி தள்ளிவிடும். எஞ்சிய சிலவற்றை மனிதர் ஆராய்வர். அத்திலாந்திக் கடலில் நீர்மூழ்கிகள் பயன்படுத்திய கடினமான கடற்படைக் குறிகளை ஆலன் தலைமையிலான எட்டாம் குடில் பிரித்தது. உணவுக் கப்பல்கள் தப்பின. போரின் இறுதிக் காலத்தில், தொலைபேசிப் பேச்சையே மறைத்தனுப்பும் டெலைலா என்னும் கருவியையும் அமைத்தார். பிறர் மறையை உடைத்தவரே மறை காக்கும் கருவியும் செய்தார்.

தேயிலை மலையில் வாழும் நாம் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. தம் தேநீர்க் குவளையை எவரும் எடுத்துச் செல்லாவண்ணம் அறையின் வெப்பக் குழாயுடன் சங்கிலியால் பூட்டி வைத்திருந்தாராம்!

போருக்குப் பின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏஸ் என்னும் கணிப்பொறியின் வரைவை எழுதினார். 1948 முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1950இல் மைண்ட் இதழில் வெளிவந்த கட்டுரையே செயற்கை நுண்ணறிவின் தோற்றுவாய். எந்திரம் சிந்திக்குமா என்ற வினா தெளிவற்றது என ஒதுக்கி, அதற்கு மாற்றாக ஒரு தேர்வை வைத்தார்: திரைக்கு அப்பாலிருந்து தட்டச்சில் விடையளிப்பது மனிதரா எந்திரமா என்று வினவுபவர் பிரித்தறிய இயலுமா? வளர்ந்தவரின் மனத்தைப் படைக்க முயல்வதினும், குழந்தை மனம் ஒன்றைப் படைத்துக் கற்பிப்பதே நன்று என்றும் அதில் எழுதினார். ஆசிரியப் பணியினர் இப்பகுதியைத் தேடிப் படித்தல் வேண்டும். இன்றைய பேசும் எந்திரங்களும் தரவுகளைக் கற்றே உருவாகின்றன. அவர் பெயரால் 1966 முதல் வழங்கப்படும் விருதை, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி 1994இல் பெற்றார்.

1952 தொடக்கத்தில் ஆலன் வீட்டில் திருட்டு நடந்தது. முறையிடச் சென்ற அவரே குற்றவாளியானார். விசாரணையில் அவர் ஓர் ஆணுடன் கொண்டிருந்த உறவு வெளிப்பட, 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஓராண்டு பெண்மைச் சுரப்பு மருந்து செலுத்தப்பட்டது. நாட்டின் மறைபொருளைக் காத்தவர்க்கு மறைபொருட் பணியில் இடமில்லை என்றாயிற்று. அவர் யாருக்கும் தீங்கிழைக்கவில்லை, தீங்கிழைத்தது சட்டமே. அதே பேரரசு நமக்கிட்ட தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றுதான் தீர்ப்பளித்தது. வகுப்பறையில் இவ்வரலாற்றைச் சொல்லும்போது இப்பகுதியை விழுங்கிவிடுதல் தகாது.

1954 ஜூன் 7 அன்று ஆலன் சயனைடு நஞ்சால் இறந்தார், வயது 41. தற்கொலை என்றது விசாரணை. வீட்டில் அவர் நடத்திய வேதியியல் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே தாய் நம்பினார்.

பிள்ளையின் புகழைச் செவியால் கேட்டு மகிழும் தாயை வள்ளுவர் காட்டுவார். சாரா அம்மையாருக்கு அப்பேறு முழுமையாக வாய்க்கவில்லை. 1959இல் தாமே மகனின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதில் போர்க்கால ஆறாண்டுகள் ஏறத்தாழ வெற்றிடம்; அயலுறவு அலுவலகப் பணி என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லப்படவில்லை. வழக்கைப் பற்றியோ, தெரிந்தும் எழுதவில்லை. ஒன்றை அரசு மறைத்தது. மற்றொன்றைத் தாய் மறைத்தார். பிளெச்லி பார்க்கின் பணி 1974இல்தான் நூல்வழி வெளிவரலாயிற்று. 1976இல் அம்மையார் காலமானார்.

2009இல் பிரிட்டிஷ் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரச மன்னிப்பு வந்தது. 2021இல் ஐம்பது பவுன் பணத்தாளில் ஆலனின் உருவம் இடம்பெற்றது. இவற்றினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 2012இல் நூற்றாண்டையொட்டி வந்த மறுபதிப்பு. தாய் எழுதிய நூலுடன், அவர் விட்டுச் சென்றவற்றைக் கூறும் கட்டுரை ஒன்றும் அதே அட்டைக்குள் சேர்க்கப்பட்டுள்ளது. அதனை எழுதியவர் குன்னூரில் பிறந்த அண்ணன் ஜான்.